மென்பொருட் பணியில் ஸ்தபதியின் இடம்
(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாலாவிக் கரையிலே கௌரியம்பிகையுடன் எழுந்தருளியிருக்கும் திருக்கேதீச்சரப் பெருமானின் திருவடிகளை வணங்கி எமது பேச்சைத் தொடங்குகின்றோம்.

இந்து இளைஞர் சங்கத்து மேடையிலே மென்பொருளைப் பற்றி என்ன பேச்சு என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். சமயமும் தமிழும் முழங்கவேண்டிய இடத்தில் கணினிப் பேச்சு எதற்கு என்று கேட்பதும் நியாயமே. ஆயினும் இன்று முருங்கனிலும் அடம்பனிலும் நானாட்டானிலும் தலைமன்னாரிலும் உள்ள எத்தனையோ வீடுகளில், பிள்ளைகள் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் மொறட்டுவையிலும் கணினிக் கல்வி கற்று, மென்பொருட் கொம்பனிகளிலே உத்தியோகம் பார்க்கின்றார்கள். அவர்களிற் சிலர் வீட்டிலிருந்தபடியே கடல் கடந்த தேசங்களுக்கும் வேலை செய்கின்றார்கள். நாலைந்து வருடம் சென்றதும் ஒருநாள், "அம்மா, நான் இப்பொழுது ரெக்னிக்கல் லீட் ஆகிவிட்டேன்" என்று பிள்ளை சொல்கின்றான். தாயாரும் மகிழ்ந்து கோவிலுக்கு அர்ச்சனை செய்கின்றார். அது என்ன பதவி, அதிலே என்ன கடமை அடங்கியிருக்கின்றது என்று பெற்றோருக்கு விளங்குவதில்லை. சொல்லப்போனால், அந்தப் பதவியைப் பெற்ற பிள்ளைக்கும் பல வேளைகளில் விளங்குவதில்லை! ஆகவேதான் இதனை இன்றைக்குப் பேசுபொருளாகக் கொண்டோம்.

முதலில் மென்பொருள் என்பது யாது? கணினி என்ற யந்திரம் தானாக எதனையும் அறியாது. இன்னது வந்தால் இன்னது செய் என்று அதற்கு வரிவரியாக எழுதிக் கொடுக்கவேண்டும். அப்படி எழுதிக் கொடுப்பதே நிரல். நிரல்கள் பல சேர்ந்து ஒரு காரியத்தை முடிக்கும்போது அதனை மென்பொருள் என்கின்றோம். வங்கியிலே நமது கணக்குப் புத்தகத்தில் அச்சாகும் இலக்கமும், ஆஸ்பத்திரியிலே கொடுக்கும் துண்டும், புகையிரதப் பற்றுச்சீட்டும் அதன் வழியாகவே வருகின்றன. நமது தீவின் தென்கரையிலே தம்பபவனி என்ற பெயருடன் 30 காற்றாலைகள் சுழல்கின்றனவே, அவற்றின் இறகுகள் காற்றுக்குத் தக்கபடி திரும்புவதும் மென்பொருளின் கட்டளைப்படிதான். அந்தக் காற்றாலைகளைப் பற்றி ஊரிலே பலவிதமான அபிப்பிராயங்கள் உண்டு. அதனைப் பேசும் மேடை வேறு. கண்ணுக்குத் தெரியாத இந்த எழுத்து நமது அன்றாட வாழ்விலே எவ்வளவு தூரம் புகுந்துவிட்டது என்பதையே இங்கு சுட்டுகின்றோம்.

இப்படிப்பட்ட மென்பொருளை ஒருவர் தனித்து ஆக்குவது அரிது. ஐந்துபேர், பத்துப்பேர் கொண்ட குழு ஒன்று ஆக்குகின்றது. அக்குழுவுக்குத் தொழில் வகையிலே வழிகாட்டுபவரே தொழில்நுட்பத் தலைவர். சம்பளம், விடுமுறை, வாடிக்கையாளருடன் ஒப்பந்தம் முதலியவற்றைப் பார்ப்பதற்கு வேறு முகாமையாளர் இருப்பார். தொழில்நுட்பத் தலைவரோ, பொருள் எப்படி அமையவேண்டும், எந்த வேலையை யார் செய்யவேண்டும், செய்தது சரிதானா என்பவற்றுக்குப் பொறுப்பாளி.

இதனை விளக்குவதற்கு நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. திருக்கேதீச்சரத்தையே நோக்குங்கள். போர்த்துக்கேயர் காலத்தில் இடித்தழிக்கப்பட்ட அந்தத் தலத்தை மீண்டும் எழுப்பவேண்டும் என்று 1872ஆம் ஆண்டிலே ஆறுமுக நாவலர் அவர்கள் அறைகூவல் விடுத்தார். அதன்பின் எத்தனையோ தலைமுறைகள் உழைத்து, கருங்கற் றிருப்பணியும் நிறைவேறி, 2022ஆம் ஆண்டிலே கும்பாபிஷேகம் கண்டோம். அப்படியான ஒரு திருப்பணியிலே எத்தனை வகையான மனிதர் சேருகின்றார்கள்! பணம் சேர்த்து நிர்வாகம் செய்வது திருப்பணிச் சபை. உளி பிடித்துக் கல்லைச் செதுக்குவோர் சிற்பிகள். இரண்டுக்கும் நடுவே நிற்பவர் ஸ்தபதி. அவர் பண உதவி செய்தவரல்லர், சபைத் தலைவருமல்லர். ஆனால் கர்ப்பக்கிருகத்தின் அளவு என்ன, விமானத்தின் உயரம் என்ன, எந்தத் தூணின்மேல் எவ்வளவு பாரம் ஏறும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. சிற்பி ஒருவர் செதுக்கிய யாளியின் அழகுக்குப் புகழ் சிற்பிக்கே. அந்தத் தூண் சரிந்தால் கேள்வி ஸ்தபதிக்கே. அவர் கையிலும் உளி உண்டு. உளி பிடித்துப் பழகாதவர் ஸ்தபதியாக முடியாது. ஆனால் எல்லாச் சிலையையும் தாமே செதுக்கப் புறப்படுபவரும் ஸ்தபதியாக முடியாது.

மென்பொருட் பணியிலே தொழில்நுட்பத் தலைவரின் இடம் இதுவேதான். அது உயரத்தைக் குறிக்கும் பதவியன்று; பிறர் செய்த வேலைக்குத் தாம் விடை சொல்லும் பொறுப்பு. இந்த ஒன்றையே இன்று நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். இதிலிருந்து பிறக்கும் கடமைகள் சிலவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது கடமை, பொருளின் முழு உருவத்தையும் மனத்திலே வைத்திருத்தல். ஐ.பி.எம். கொம்பனியிலே 1960களில் ஓ.எஸ். 360 என்ற பெரும் மென்பொருளின் ஆக்கத்தை நடத்திய பிரெடரிக் புரூக்ஸ் என்பவர், தமது அனுபவத்தை 1975ஆம் ஆண்டிலே ஒரு நூலாக வெளியிட்டார். பிந்திப்போன மென்பொருட் பணிக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்பது அவர் கண்ட முடிபு. இது விந்தையாக இல்லையா? வயலிலே அருவி வெட்டுக்கு ஆள் கூடினால் வேலை விரைவில் முடியுமே! கணக்கைப் பாருங்கள். வயலிலே ஒருவர் வெட்டுவதை மற்றவர் அறியவேண்டியதில்லை. மென்பொருளிலோ ஒருவர் எழுதுவது மற்றவர் எழுதியதோடு பொருந்தவேண்டும். ஆகவே ஒருவரோடொருவர் பேசவேண்டும். ஐந்துபேர் உள்ள குழுவில் இருவர் இருவராகப் பேசும் வழிகள் 10. பத்துப்பேரானால் 45. இருபதுபேரானால் 190! புதிதாக வந்தவருக்குப் பழையவர் தம் வேலையை நிறுத்திவிட்டுப் பாடம் சொல்லவும் வேண்டும். இதனாலேதான், பொருளின் உருவம் ஒன்றிரண்டு பேருடைய மனத்திலே ஒருமைப்பாட்டுடன் இருக்கவேண்டும் என்று புரூக்ஸ் வற்புறுத்தினார். ஆளுக்கொரு அளவுகோலுடன் கட்டிய கோயிலிலே கோபுரம் ஒருபக்கமும் கொடிமரம் மறுபக்கமும் பார்த்து நிற்கும் அல்லவா?

இரண்டாவது கடமை, பிழை வருமுன் அதனை எதிர்பார்த்தல். சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய அப்பலோ திட்டத்திலே, விண்கலத்தின் பறப்பு மென்பொருளை ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மார்கரெட் ஹமில்டன் என்ற அம்மையார். அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஆய்வுகூடத்திலே அவர் வேலை செய்த காலத்தில், தம் சிறு மகளையும் சிலவேளைகளில் உடன் கூட்டிச் செல்வதுண்டு. அக்குழந்தை பயிற்சி யந்திரத்திலே விளையாட்டாகப் பொத்தான்களை அழுத்த, கலம் பறந்துகொண்டிருக்கும் நிலையிலே, புறப்படுமுன் மாத்திரம் இயங்கவேண்டிய நிரல் தொடங்கிவிட்டது, எல்லாம் குழம்பிற்று. இப்படி நேராதபடி மென்பொருளிலே தடை ஒன்று வைக்கவேண்டும் என்று அம்மையார் கேட்டார். தேர்ந்த விண்வெளி வீரர் இப்படிப்பட்ட தவறு செய்யார் என்று மேலிடத்தார் மறுத்துவிட்டனர். அவர் வாளாவிருக்கவில்லை, இன்ன நேரத்தில் இந்த நிரலைத் தொடாதீர்கள் என்று ஒரு குறிப்பாவது எழுதி வைத்தார். 1968ஆம் ஆண்டு டிசெம்பரிலே அப்பலோ 8 பறந்தபோது ஜேம்ஸ் லவெல் என்ற வீரர் தற்செயலாக அந்த நிரலையே தொட்டுவிட்டார்! கலம் எங்கே நிற்கின்றது என்ற தரவுகள் அழிந்துபோயின. பூமியிலிருந்தோர் பலமணி நேரம் பாடுபட்டுத் தரவுகளை மீள அனுப்பி நிலைமையைச் சீர்செய்தனர்.

பெரியோர்களே, இங்கே நோக்கற்பாலது யாது? குழந்தையின் விளையாட்டை வேறொருவர் கண்டிருந்தால் குழந்தையைக் கடிந்துவிட்டு அப்பாற் போயிருப்பார். தலைமைப் பொறுப்பில் இருந்தவரோ, குழந்தையால் நேர்ந்தது நாளைக்குக் களைத்துப்போன ஒரு பெரியவராலும் நேரும் என்று எண்ணினார். மனிதர் தவறுவர் என்பதை ஒப்புக்கொண்டு, அந்தத் தவற்றால் உயிர் போகாதபடி பொருளை அமைப்பதே தலைவரின் வேலை. அடுத்த ஆண்டு, 1969 ஜூலை 20ஆந் திகதி, அப்பலோ 11 சந்திரனிலே இறங்குவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் கணினி அளவுக்கு மீறிய சுமையினால் 1202 என்ற எச்சரிக்கையைக் காட்டியது. ஆயினும் அது நின்றுவிடவில்லை. முக்கியமல்லாத வேலைகளைக் கைவிட்டு, இறங்குதலுக்கு வேண்டிய வேலைகளை மாத்திரம் தொடர்ந்து செய்தது. அப்படிச் செய்யும்படி முன்கூட்டியே பலர் சேர்ந்து சிந்தித்து எழுதி வைத்திருந்தார்கள். தரையிலே செய்த சிந்தனை வானத்திலே கைகொடுத்தது.

மூன்றாவது கடமை, இரண்டாவது கண் ஒன்று இருக்கச் செய்தல். ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் படித்துப் பார்த்த பின்னரே அதனைப் புழக்கத்துக்கு விடவேண்டும் என்பது நல்ல குழுக்களின் நியதி. நைற் கப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வியாபார நிறுவனத்திலே 2012 ஓகஸ்ற் 1ஆந் திகதி நடந்ததைக் கேளுங்கள். எட்டுக் கணினிகளிலே புதிய நிரலை ஏற்றவேண்டியிருந்தது. ஏழிலே ஏற்றினர், எட்டாவது தவறிப்போயிற்று. அதிலே நெடுங்காலமாகப் பயன்படாமற் கிடந்த பழைய நிரல் ஒன்று விழித்துக்கொண்டு, கேட்பாரற்று வாங்கவும் விற்கவும் தொடங்கியது. ஏறக்குறைய முக்கால் மணி நேரத்திலே 40 கோடி டொலருக்கு மேல் நட்டம்! ஏற்றிய வேலையை இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்கும் ஒழுங்கு அங்கே இருக்கவில்லை என்பது பின்னர் விசாரணையிலே வெளிப்பட்டது. கேவலம், எட்டு வரையும் எண்ணிப் பார்க்க ஓர் ஆள்! அந்த ஆளை நியமிப்பது யார் கடமை? தொழில்நுட்பத் தலைவர் கடமை.

இச்சம்பவத்திலே இன்னொரு பாடமும் உண்டு. பயனற்ற பழைய நிரலைக் களையாது விட்டதும் கேட்டுக்கு ஒரு காரணம். எம் சமயத்தார்க்கு இது புதிய உபதேசமன்று. நாவுக்கரசர் பெருமான் கையிலே எந்நேரமும் உழவாரப் படை ஏந்தியிருந்தார். அரசரும் பணிந்த பெரியார், கோயில் வீதிகளிலே புல்லைச் செருக்கினார். புதிய மண்டபம் கட்டுவோர்க்குப் பெயர் உண்டு, கல்வெட்டும் உண்டு. புல்லுச் செருக்குவோரை யார் நினைக்கின்றார்? மென்பொருட் குழுவிலும் புதியன ஆக்குவோரைப் பலரும் மெச்சுவர். பழையனவற்றைத் துப்புரவு செய்வோரைக் கவனிப்பாரில்லை. அந்த வேலையைத் தலைவரே முதலிற் கையிலெடுத்தால், மற்றவர்க்கும் அது இழிவென்று தோன்றாது.

நான்காவது கடமை, இளையோரை வளர்த்தல். இதனைச் சொல்ல நமது கடலே உவமை தருகின்றது. அரிப்பு, சிலாபத்துறைக் கரைகளிலே முன்னாளில் முத்துக்குளிப்பு நடந்த விதத்தை முதியோர் வாயிலாகக் கேட்டிருக்கின்றோம். குளிப்பவர் காலிலே கல்லின் துணைகொண்டு கடலுள் இறங்குவார். மேலே தோணியிலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருந்து கயிறு அசைந்தால் அந்தக் கணமே இழுத்து மேலே எடுக்கவேண்டும். கயிறு பிடிப்பவர் மைத்துனனாக இருக்கவேண்டும் என்று ஒரு சொல் உண்டு. தன் சகோதரியின் தாலி அந்தக் கயிற்றிலே தொங்குகின்றது என்பதை அவன் மறக்கமாட்டான் அல்லவா?

அன்பர்களே, தொழில்நுட்பத் தலைவர் கயிறு பிடிப்பவர். முன்னே அவரும் நல்ல குளியாளாக இருந்தவர்தான். இன்றைக்கும் கடலின் ஆழமும் நீரோட்டமும் அவருக்குத் தெரியும். ஆயினும் இளைஞன் இறங்கும்போது தாமும் கூடக் குதித்துவிட்டால் கயிறு யார் கையில்? இளைஞனுக்கு மூன்று நாள் எடுக்கும் வேலையைத் தாம் மூன்று மணியிலே முடித்துவிடலாம் என்பது உண்மை. அப்படியே எல்லாவற்றையும் தாமே முடித்துக்கொண்டு போனால், ஒரு வருடத்தின் பின் குழுவிலே தலைவர் ஒருவர் இருப்பார். வேலை தெரிந்தவர் வேறெவரும் இரார். அவர் ஒருநாள் காய்ச்சலிலே படுத்தால் எல்லாம் படுத்துவிடும். அதற்காக, இறங்கு என்று சொல்லிவிட்டுக் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுப் பீடி பற்றவைப்பவரும் தலைவரல்லர். இளைஞன் இறங்கவேண்டும், கயிறு கையிலே இருக்கவேண்டும், அசைவு தெரிந்ததும் இழுக்கவேண்டும். கேட்கவந்த இளைஞனை, இதுகூடத் தெரியாதா என்று ஒருமுறை ஏளனம் செய்துவிட்டால், அடுத்தமுறை அவன் கயிற்றை அசைக்கமாட்டான். அங்கேதான் ஆபத்துத் தொடங்குகின்றது.

ஐந்தாவது கடமை, மேலிடத்தாருக்கு உண்மை சொல்லுதல். சோழகம் எழும்பிவிட்டதென்று கண்ட தண்டல், முதலாளி அவசரப்படுத்துகின்றார் என்பதற்காகப் பாய் விரிப்பானா? மூன்று மாதம் வேண்டிய வேலைக்கு ஒரு மாதம் என்று தலையாட்டிவிட்டு வந்து, இளைஞர்களை இரவு பகலாக வருத்துவது தலைமையன்று. முடியும் என்பதைத் துணிந்து சொல்வதைப் போலவே, முடியாது என்பதையும் மரியாதையுடன், காரணங் காட்டி, எழுத்திலே சொல்லவேண்டும். குழு சாதித்ததைச் சொல்லும்போது குழுவின் பெயரைச் சொல்லவேண்டும். குறை நேர்ந்ததைச் சொல்லும்போது தம் பெயரைச் சொல்லவேண்டும்.

இவையெல்லாம் அந்நிய நாட்டுக் கதைகள், நமக்கு எங்கே இதற்கு இடம் என்று கேட்பீர்களாயின், நமது இலங்கையிலேயே உலகம் போற்றிய ஒரு முயற்சியைச் சொல்லுகின்றோம்.

2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தது. கிழக்கும் தெற்கும் முல்லைத்தீவும் அடிபட்டதுபோல நமது மன்னார் அடிபடவில்லை. ஆயினும் அந்தத் துயரிலே பங்கு கொள்ளாத வீடு இங்கே இல்லை. இலங்கையிலே முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். காணாமற் போனவரைத் தேடுவோர் ஒருபுறம். எந்த முகாமிலே யார் இருக்கின்றார் என்று தெரியாமை ஒருபுறம். ஒரே இடத்துக்குப் பத்து நிறுவனங்கள் உணவு கொண்டுபோக, வேறோர் இடத்துக்கு ஒருவரும் போகாமை இன்னொருபுறம். அந்த வேளையிலே கொழும்பில் மென்பொருள் வல்லோர் பலர், சஞ்சீவ வீரவர்ண அவர்கள் நிறுவிய லங்கா சொவ்ற்வெயார் பவுண்டேசனைச் சார்ந்து, கூலி கருதாது ஒன்றுகூடினர். சில வாரங்களுக்குள்ளே ஒரு மென்பொருளை ஆக்கினர். காணாமற் போனோர் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, முகாம்களின் பதிவு, தேவைகளும் உதவிகளும் என நான்கு பகுதிகள் அதிலே முக்கியமாக அமைந்தன. அதற்கு 'சகன' என்று பெயரிட்டனர். சிங்களத்திலே நிவாரணம் என்பது அதன் பொருள்.

அவசரத்திலே ஆக்கியதை அப்படியே நெடுங்காலம் வைத்திருக்க இயலாது. ஆகவே பின்னர் சமிந்திர டி சில்வா அவர்களின் தொழில்நுட்ப வழிநடத்தலில் அதனை அடியிலிருந்து மீண்டும் எழுதினர். ஒரு பகுதியைக் கழற்றினாலும் மற்றவை இயங்கவேண்டும். வேற்று மொழிகளிலே மாற்றவும் முடியவேண்டும். யாரும் பணமின்றி எடுத்துத் தம் நாட்டுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள முடியவேண்டும் என்று திட்டமிட்டனர். 2005ஆம் ஆண்டு பாகிஸ்தான் பூமியதிர்ச்சியிலும், 2006ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், 2010ஆம் ஆண்டு ஹெயிற்றி பூமியதிர்ச்சியிலும் அது பயன்பட்டது. சமூக நன்மைக்கான பணி என்று கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டு விருதும் அதற்குக் கிடைத்தது. ஒரு சிறு தீவிலே துயரத்தின் நடுவே பிறந்த பொருள், எங்கோ ஒரு நாட்டிலே இடிபாடுகளின் நடுவே நின்ற மனிதருக்கு உதவியது! தொடக்கத்திலே எழுதிய ஒரு சிலருக்குள் அது முடிந்துவிடாமல், பின்வந்தோரும் எடுத்துத் தொடரத்தக்கதாக அமைந்ததனாலேயே இது கைகூடியது. பொருளை அப்படி அமைப்பதே தொழில்நுட்பத் தலைமை.

சகோதரர்களே, இதிலே மன்னார் மக்களாகிய நாம் ஊன்றி நோக்கவேண்டிய ஒரு விஷயம் உண்டு. பட்டியல் என்பது நமக்கு வெறுங் காகிதமன்று. தலைமன்னார்க் கரையிலிருந்து இராமேசுவரத்துக்குப் படகேறியோரின் பட்டியல், மடுவிலே தஞ்சம் புகுந்தோரின் பட்டியல், 1990ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வெளியேற்றப்பட்ட நமது முஸ்லிம் சகோதரரின் பட்டியல், இன்னும் விடை கிடையாத காணாமற் போனோரின் பட்டியல் என்று, பட்டியலிலே பெயர் இருந்ததனால் பிழைத்தோரையும் நாம் அறிவோம். பட்டியலிலே பெயர் இருந்ததனால் அஞ்சி ஒளித்தோரையும் நாம் அறிவோம்.

நாளைக்கு அப்படியொரு பதிவேட்டுக்கு மென்பொருள் ஆக்கும் குழுவிலே நமது பிள்ளை ஒருவர் தலைவராக இருக்கலாம். அப்பொழுது அவர் முன்னே வரும் கேள்விகள் சிறியனவாகத் தோன்றும். பெயரை எப்படிப் பதிவது? மேல்நாட்டார் வழக்கப்படி முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் போட்டால், தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் நமது ஆட்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நிரப்புவர். ஒரே மனிதர் ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறி மூன்று மனிதராகிவிடுவார். தாயார் தேடும் மகன் பட்டியலிலே இருந்தும் அகப்படமாட்டான். தமிழ் எழுத்திலேயே பெயரைப் பதியலாமா என்பது வேலை தொடங்கும் நாளிலேயே தீர்மானிக்கவேண்டியது. பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்றால் ஒட்டாது. அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் என்றிருந்தது, 2016ஆம் ஆண்டிலிருந்து பன்னிரண்டு இலக்கமாயிற்று. பழையதற்கு மாத்திரம் இடம்விட்டு எழுதியவர்கள் எல்லாவற்றையும் திருத்தவேண்டியதாயிற்று. இன்றுள்ள வழக்கம் நாளை மாறும் என்று எண்ணி இடம் வைப்பவரே தலைவர்.

இவற்றினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. சமயம் என்ன, சாதி என்ன, பிறந்த ஊர் எது என்றெல்லாம் கேட்கும் கட்டங்கள் எதற்கு? உணவுப் பொதி கொடுப்பதற்கு அவை வேண்டுமா? இந்தப் பட்டியல் தீயோர் கையிலே அகப்பட்டால் என்ன நேரும்? இதனை எழுதுநர் கேட்கமாட்டார். அவர் தமக்குத் தந்த வேலையைச் செய்பவர். வாடிக்கையாளரும் கேட்கமாட்டார், அவருக்கு எல்லா விபரமும் வேண்டும். நடுவிலே நிற்கும் ஸ்தபதிதான் கேட்கவேண்டும். தேவையற்ற கட்டத்தை நீக்குங்கள் என்று அந்த ஒருவர் அன்றைக்குச் சொல்லுவாராயின், என்றோ ஒருநாள் ஒரு குடும்பம் நிம்மதியாக உறங்கும். அந்தக் குடும்பத்துக்கு அவர் பெயர் தெரியாது. அதனாலென்ன? கோயிலின் அத்திவாரக் கல்லை யார் பார்க்கின்றார்?

இனி இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள். இப்பொழுது கணினியே நிரல் எழுதித் தருகின்றது; இனி நமக்கு என்ன வேலை என்று சிலர் சோர்வடைகின்றீர்கள். எழுதுவதிலே பெரும்பங்கை யந்திரம் செய்யலாம். எதனை எழுதவேண்டும், எழுதியது சரியா, அதனால் யாருக்கு என்ன நேரும் என்று விடை சொல்லுதல் மனிதர் மேலேயே நிற்கும். ஆகவே தலைமைப் பொறுப்பின் தேவை குறையப்போவதில்லை; கூடப்போகின்றது. அதற்கு ஆயத்தமாகுங்கள். ஏன் இப்படிச் செய்தோம் என்பதைத் தெளிவான வசனத்திலே எழுதி வைக்கப் பழகுங்கள். தமிழிலே திருத்தமாக எழுதக் கற்றவர்க்கு அது கைவரும். பிறர் எழுதியதைப் பொறுமையாகப் படியுங்கள். குறை சொல்லும்போது நிரலைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சபையிலே சொல்லக் கூசாதீர்கள். சங்கத்திலே நடத்தும் மாலை வகுப்புகளுக்கு வந்து, உங்களுக்குப் பின்னால் வருவோரின் கயிற்றை இப்பொழுதே பிடித்துப் பழகுங்கள். முப்பது வயதிலே திடீரென்று தலைமைக் குணம் வானத்திலிருந்து விழாது.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை விடுமுறைக்கு வீடு வந்தால், என்ன பதவி, எவ்வளவு சம்பளம் என்று கேட்கின்றோம். கேட்கத்தான் வேண்டும், குடும்பப் பாரம் அப்படி. அதனோடு இன்னுமொன்றையும் கேளுங்கள்: "உன்னிடம் வேலை பழகிய பிள்ளைகள் எத்தனை பேர்? நீங்கள் செய்யும் பொருளால் யாருக்கு என்ன உதவி?" என்று கேளுங்கள். கேட்கும் கேள்விக்குத் தக்கபடியே பிள்ளை வளரும். பதவியை மாத்திரம் கேட்டால் பதவியை மாத்திரம் தேடுவான்.

பாலாவியின் கரையிலே கல்லிலே கோயில் எழுந்துவிட்டது. நமது பிள்ளைகள் கல்லில்லாமல், சுண்ணாம்பில்லாமல், எழுத்தினாலேயே வேறு கட்டிடங்களை எழுப்புகின்றார்கள். அவற்றுக்குள்ளும் மக்கள் வந்து நிற்பார்கள். நோயாளியும் விதவையும் மீனவரும் கமக்காரரும் வந்து நிற்பார்கள். அவை இடிந்து அவர்கள் தலையிலே விழாதபடி கட்டும் ஸ்தபதிகள் இந்த மண்ணிலிருந்து பலர் தோன்றவேண்டும் என்று எம்பெருமானை இறைஞ்சுகின்றோம்.